இத்தனை கட்சி மாறியும் திருநாவுக்கரசரின் பதவி எப்படித் தப்பியது?

சு. திருநாவுக்கரசர் அ.தி.மு.க., தனிக்கட்சி, பா.ஜ.க., காங்கிரஸ் என்று மாறிக்கொண்டே இருந்தும் கட்சித் தாவல் தடைச் சட்டம் அவர்மீது ஏன் பாயவில்லை, மக்களும் ஏன் தண்டிக்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. ஒன்று சட்டம் பற்றியது, அதற்குத் தெளிவான பதில் உண்டு. இன்னொன்று வாக்கு பற்றியது. அதில் பாதிதான் உறுதியாகச் சொல்ல முடியும், மீதி ஊகம். தேர்தல் முடிவுகளையும் தகுதி நீக்க வழக்குகளையும் தொடர்ந்து படித்துவருபவன் என்ற முறையில் இரண்டையும் பிரித்தே பதில் சொல்கிறேன்.

முதலில் வரிசையைச் சரிசெய்துகொள்வோம், ஏனென்றால் பலரும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். 1977இல் புதுக்கோட்டை மாவட்டம் அறந்தாங்கியில் அ.தி.மு.க. வேட்பாளராக முதல் வெற்றி. அப்போது அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. அந்தச் சட்டமன்றத்திலேயே துணை சபாநாயகர் ஆனார். 1980, 1984 தேர்தல்களிலும் அதே தொகுதி, அதே கட்சி, எம்.ஜி.ஆர். அமைச்சரவையில் அமைச்சர். 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். மறைந்ததும் கட்சி இரண்டானது. இவர் ஜெயலலிதா அணியில் நின்று 1989இல் சேவல் சின்னத்தில் வென்றார். பிறகு ஜெயலலிதாவோடு மோதல், தனிக்கட்சி, 1991இல் அ.தி.மு.க.வுக்கு வெளியே நின்று மறுபடி வெற்றி. அதன் பின் தாய்க் கட்சிக்குத் திரும்பி, 1996இல் அ.தி.மு.க. சார்பில் ஆறாவது வெற்றி. மறுபடி விலகல், எம்.ஜி.ஆர். அ.தி.மு.க. என்ற கட்சி, 1999இல் புதுக்கோட்டை மக்களவைத் தொகுதி. 2002இல் அந்தக் கட்சியை பா.ஜ.க.வோடு இணைத்தார், வாஜ்பாய் அரசில் இணை அமைச்சர் ஆனார். 2004இல் மத்தியப் பிரதேசத்திலிருந்து மாநிலங்களவை. 2009 நவம்பரில் காங்கிரஸ்.

1988-89இல் அணி பிரிந்ததைக் கட்சி மாற்றமாகக் கணக்கிடக் கூடாது. அப்போது கட்சியே இரண்டாகி, இரட்டை இலையும் முடக்கப்பட்டிருந்தது. அ.தி.மு.க.வில் இருந்த ஒவ்வொருவரும் சேவலையோ இரட்டைப் புறாவையோ தேர்ந்தெடுத்தே ஆகவேண்டிய நிலை. அதை நீக்கிவிட்டால் ஐந்து நகர்வுகள் மிஞ்சும்: வெளியேறியது, திரும்பியது, மறுபடி வெளியேறியது, பா.ஜ.க., காங்கிரஸ். முதல் மூன்றும் எம்.ஜி.ஆர். கட்சிக்குள்ளும் அதன் வாசலிலும் நடந்தவை. வேறு அரசியல் மரபுள்ள கட்சிக்கு அவர் போனது கடைசி இரண்டு முறைதான். அவரை ‘ஊர் ஊராகச் சுற்றியவர்’ போலப் பேசுவோர் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

இப்போது சட்டம். கட்சித் தாவல் தடைச் சட்டம் என்று நாம் சொல்வது அரசியல் சட்டத்தின் பத்தாவது அட்டவணை. அது 1985இல் 52ஆவது திருத்தத்தால் வந்தது. அது கட்சி மாறுவதைத் தடை செய்யவில்லை. ஒரு கட்சியின் சார்பில் வென்ற இடத்தைக் கையில் வைத்துக்கொண்டே மாறுவதைத்தான் தடுக்கிறது. உறுப்பினரின் பதவி இரண்டு வழிகளில் போகும். ஒன்று, தாமாகவே கட்சி உறுப்பினர் தகுதியைக் கைவிடுதல். இன்னொன்று, கொறடா உத்தரவை (அவையில் எப்படி வாக்களிக்க வேண்டும் என்ற கட்சியின் கட்டளையை) மீறி வாக்களிப்பது அல்லது வாக்களிக்காமல் இருப்பது. இதைக் கட்சி 15 நாட்களுக்குள் மன்னித்துவிட்டால் சிக்கல் இல்லை. சுயேச்சையாக வென்றவர் எந்தக் கட்சியில் சேர்ந்தாலும் பதவி போகும். நியமன உறுப்பினருக்கு மட்டும் ஆறு மாத அவகாசம் உண்டு. பதவிக் காலம் முடிந்தவருக்கோ ராஜினாமா செய்தவருக்கோ இதில் எதுவும் பொருந்தாது. ஒருவர் எத்தனை கட்சி மாறினார் என்று எண்ணுவதால் பயனில்லை. மாறிய நாளில் அவர் கையில் என்ன பதவி இருந்தது, அது எந்தக் கட்சியின் பெயரில் கிடைத்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

சட்டத்தில் விதிவிலக்குகளும் வைத்தார்கள். 2003 வரை ‘பிளவு’ என்ற விலக்கு இருந்தது: சட்டமன்றக் கட்சியில் மூன்றில் ஒரு பங்கு பேர் பிரிந்தால் பதவி போகாது. பெரிய கட்சிகளில் அது சற்றுக் கடினம். சின்னக் கட்சிகளில் கேலிக்கூத்து. 1996இல் அ.தி.மு.க. சட்டமன்றத்தில் பெற்ற இடங்கள் வெறும் 4. நான்கில் மூன்றில் ஒரு பங்குக்கு இரண்டு பேர் போதும். இப்படி நாடு முழுக்கச் சில்லறைப் பிளவுகள் பெருகியதால்தான் 91ஆவது திருத்தம் அந்தப் பிரிவை நீக்கியது. இப்போது மிச்சமிருப்பது ‘இணைப்பு’ மட்டும். மூலக் கட்சி, அதாவது உறுப்பினரைத் தேர்தலில் நிறுத்திய கட்சி, இன்னொரு கட்சியோடு இணைய வேண்டும், அந்த அவையில் உள்ள உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அதை ஏற்க வேண்டும்.

திருநாவுக்கரசரின் 2002 நகர்வு இந்த இணைப்பு விதிக்குள் எப்படி அமைந்தது என்பது கவனமாகப் படிக்க வேண்டிய இடம். 1999 மக்களவையில் எம்.ஜி.ஆர். அ.தி.மு.க.வின் ஒரே உறுப்பினர் அவர். ஒருவர் மட்டுமே இருக்கும் கட்சியில் மூன்றில் இரண்டு பங்கு என்பது அவரேதான். கட்சித் தலைவரும் அவரே என்பதால் மூலக் கட்சி இணையவில்லை என்று எதிர்வாதம் செய்யவும் ஆள் இல்லை. இன்னொன்றும் உண்டு. அவர் கட்சி ஏற்கெனவே தேசிய ஜனநாயகக் கூட்டணியில் இருந்தது. ஆளும் வரிசையில் இருந்தவர் அதே வரிசையில்தான் தொடர்ந்தார். அரசுக்கு ஒரு வாக்குகூட ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. யாருக்கும் இழப்பு இல்லாத இடத்தில் புகார் கொடுக்க யார் வருவார்கள்? பத்தாவது அட்டவணை தானாக இயங்குவதில்லை, யாராவது மனு கொடுத்தால்தான் சபாநாயகர் விசாரிப்பார்.

2009 நகர்வு வேறு வகை. அப்போது அவர் மாநிலங்களவையில் பா.ஜ.க. உறுப்பினர், பதவிக் காலம் 2010 நடுவில் முடிய இருந்தது. அந்த இடத்தோடு காங்கிரசுக்குப் போயிருந்தால் அது நேரடியாகத் ‘தாமாகக் கைவிடுதல்’ ஆகியிருக்கும். இணைப்பு என்று சொல்லவும் வழியில்லை. ஆகவே இடத்தை விட்டுவிட்டுத்தான் சேர்ந்தார். ராஜினாமா செய்துவிட்டுப் போகிறவரைச் சட்டம் தொடாது. அடுத்த தேர்தலில் நிற்பதற்கும் தடை இல்லை. மிச்சம் சில மாதங்களே இருந்ததால் இந்த ராஜினாமாவின் விலை குறைவு என்பதும் உண்மை. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனாலும் இடத்தைப் பிடித்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் வழக்கை இழுத்தவர்களோடு ஒப்பிட்டால் இது நேர்மையான வழி என்றே சொல்வேன்.

1990-91 கட்டத்தில் சட்டத்தின் வேலையை நிகழ்வுகளே முடித்துவிட்டன. 1991 ஜனவரி 30 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது, சட்டமன்றமும் போனது. அவை கலைந்தபின் தகுதி நீக்கம் என்ற பேச்சுக்கு இடமில்லை.

இங்கே ஒரு பெயர்க் குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். ‘திருநாவுக்கரசு தகுதி நீக்கம் செய்யப்பட்டார், உச்ச நீதிமன்றம் வரை போனது’ என்று சிலர் எழுதுவது இவரைப் பற்றி அல்ல. அவர் அழகு. திருநாவுக்கரசு. அ.தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்ட ஜி. விஸ்வநாதனும் அவரும் பிறகு ம.தி.மு.க.வில் சேர்ந்தனர். ‘எங்களைக் கட்சியே நீக்கிவிட்டது, நாங்களாக விலகவில்லை, ஆகவே எந்தக் கட்சியிலும் சேரலாம்’ என்பது அவர்கள் வாதம். 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கட்சி நீக்கினாலும், எந்தக் கட்சி நிறுத்தி வென்றாரோ அந்தக் கட்சியின் உறுப்பினராகவே பத்தாவது அட்டவணை அவரைக் கருதும். அவர் வேறு கட்சியில் சேர்ந்தால் தாமாகக் கைவிட்டதாகவே பொருள் என்றது. இந்தத் தீர்ப்பு இந்தியா முழுக்கத் தகுதி நீக்க வழக்குகளில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. கட்சி நீக்கினால் உறுப்பினருக்கு விடுதலை என்று நினைத்துக்கொண்டு போய்ச் சிக்குவோர் அதன் பிறகும் உண்டு.

சட்டம் எங்கே பிசகுகிறது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே அருகருகே இரண்டு உதாரணங்கள் இருக்கின்றன. 2017 பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி அரசின் நம்பிக்கை வாக்கெடுப்பில் ஓ. பன்னீர்செல்வம் உள்ளிட்ட 11 அ.தி.மு.க. எம்.எல்.ஏ.க்கள் எதிர்த்து வாக்களித்தனர். அட்டவணையின் எழுத்துப்படி இதைவிடத் தெளிவான மீறல் இருக்க முடியாது. பதவி போகவில்லை. அணிகள் இணைந்தன, பன்னீர்செல்வம் துணை முதல்வர் ஆனார், சபாநாயகர் முடிவெடுக்கவே இல்லை. 2020இல் உச்ச நீதிமன்றம் விஷயத்தைச் சபாநாயகரிடமே விட்டது. அதே 2017 ஆகஸ்டில் டி.டி.வி. தினகரனை ஆதரித்த எம்.எல்.ஏ.க்கள், முதல்வர் மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்தனர். அவையில் எதிர்த்து வாக்களிக்கவில்லை, வேறு கட்சியிலும் சேரவில்லை. செப்டம்பர் 18 அன்று அவர்களில் 18 பேர் தகுதி நீக்கம். கடிதம் கொடுத்ததையே ‘தாமாகக் கைவிடுதல்’ என்று சபாநாயகர் ப. தனபால் எடுத்துக்கொண்டார். உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் இருவிதமாகத் தீர்ப்பளித்து, மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபர் 25இல் தகுதி நீக்கத்தை உறுதி செய்தார். அந்த 18 பேரில் ஒருவரான செந்தில் பாலாஜி பிறகு தி.மு.க.வில் சேர்ந்து, 2019 இடைத்தேர்தலில் அரவக்குறிச்சியில் வென்று சட்டமன்றத்துக்குத் திரும்பினார்.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குற்றத்தின் அளவு முடிவைத் தீர்மானிக்கவில்லை, சபாநாயகர் எப்போது கையெழுத்திடுகிறார் என்பதுதான் தீர்மானித்தது. 1992இல் கிஹோட்டோ ஹொல்லோஹன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சட்டத்தை ஏற்றபோது, சபாநாயகர் தீர்ப்பாயம் போல நடுநிலையோடு செயல்படுவார் என்று நம்பியது. 2020இல் மணிப்பூர் வழக்கில், வழக்கமான சூழலில் மூன்று மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று காலவரையறையும் சொன்னது. காலவரையறை அட்டவணைக்குள் எழுதப்படாததால் தாமதம் தொடர்கிறது. எனக்கு இது மிகுந்த வருத்தம் தரும் விஷயம். கட்சி மாறுகிறவரைத் திட்டுவதற்குச் செலவிடும் கோபத்தில் பாதியையாவது இந்த ஓட்டையின் மீது நாம் காட்ட வேண்டும்.

அடுத்து வாக்கு. உறுதியானதை முதலில் சொல்கிறேன். 1977, 1980, 1984, 1989, 1991, 1996 என்று அறந்தாங்கியில் தொடர்ந்து ஆறு வெற்றிகள். இவற்றில் கனமானவை 1991உம் 1996உம்தான். 1991இல் ராஜீவ் படுகொலைக்குப் பிறகு அடித்த அலையில் அ.தி.மு.க. 164, காங்கிரஸ் 60 இடங்களைப் பிடித்தன. அந்த அலைக்கு எதிர்த்திசையில் நின்று இவர் வென்றார். 1996இல் அலை தலைகீழானது. பர்கூரில் ஜெயலலிதாவே தோற்றார். அ.தி.மு.க. வென்ற நான்கு இடங்களில் அறந்தாங்கி ஒன்று. முன்பு அ.தி.மு.க.வை எதிர்த்து வென்றவர், இம்முறை அ.தி.மு.க.வே மூழ்கும்போது அதன் சின்னத்தில் வென்றார். இரண்டு முறையும் சின்னம் அவருக்கு உதவவில்லை. தனிமனிதச் செல்வாக்கு என்ற சொல்லை நம் ஊரில் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். தேர்தல் எண்களால் அதை நிரூபிக்கக்கூடிய வாழ்க்கைகள் குறைவு, இவருடையது அவற்றில் ஒன்று. 1999இல் தனிக்கட்சியின் பெயரில் புதுக்கோட்டையில் வென்றபோது கூட்டணி பலமும் சேர்ந்திருந்தது என்பதால் அதை முழுக்க அவர் கணக்கில் எழுத முடியாது. 2001இல் அறந்தாங்கியில் அவர் கட்சி வேட்பாளர் வென்றதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

இந்தச் செல்வாக்கு எதனால் வந்தது என்பதுதான் சந்தேகத்துக்குரிய பகுதி. தொகுதிப் பணி என்பார்கள், அமைச்சராக இருந்தபோது செய்தவை என்பார்கள், சாதிக் கணக்கு என்பார்கள். எந்தச் சாதியினர் யாருக்கு எவ்வளவு வாக்களித்தனர் என்ற பதிவு இந்தியாவில் எந்தத் தேர்தலுக்கும் கிடையாது. வாக்குச்சாவடி வாரியான எண்ணிக்கையிலிருந்து ஊகிக்கலாம், அவ்வளவுதான். ஆகவே ‘இதனால்தான் வென்றார்’ என்று ஒற்றைக் காரணம் சொல்பவரை நம்பாதீர்கள். ஒவ்வொரு விலகலுக்கும் உள்ளே நடந்த பேரம் என்ன, யார் யாரை ஏமாற்றினார் என்பதும் அப்படித்தான். விலகியவரின் அறிக்கையும் கட்சியின் மறுப்பறிக்கையும் ஆளுக்கொரு தரப்பின் வாதங்கள், சாட்சியம் அல்ல.

2002க்குப் பிறகு கணக்கு மாறுகிறது. அதுவரை அவர் கட்சிக்கு வாக்கு கொண்டுவந்தார்; அதன் பிறகு கட்சிதான் அவருக்கு இடம் கொடுத்தது. மத்தியப் பிரதேச மாநிலங்களவை இடம் இதன் முதல் அடையாளம். அதற்கு அறந்தாங்கி வாக்காளர் ஒருவரும் தேவையில்லை. பிறகு தொகுதி எல்லைகளைத் திருத்தி அமைக்கும் மறுவரையறை வந்தது, இதுதான் பலர் கவனிக்காத பெரிய அடி. 2009 தேர்தலோடு புதுக்கோட்டை மக்களவைத் தொகுதியே இல்லாமல் போனது. புதுக்கோட்டையும் கந்தர்வகோட்டையும் திருச்சிக்கு, அறந்தாங்கி ராமநாதபுரத்துக்கு, திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கைக்கு, விராலிமலை கரூருக்கு என்று மாவட்டம் நான்கு தொகுதிகளாகப் பிரிந்தது. முப்பது ஆண்டுகள் ஒரே மண்ணில் வேலை செய்த ஒருவருக்கு அந்த வாக்குகளை ஒரே பெட்டியில் சேர்க்க வழியே இல்லாமல் போயிற்று. 2009இல் பா.ஜ.க. சார்பில் ராமநாதபுரத்தில் நின்று லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் பெற்றார். பெரிய கழகக் கூட்டணி இல்லாத பா.ஜ.க. வேட்பாளருக்கு அது நல்ல எண்ணிக்கை, வெற்றிக்கு எட்டாத எண்ணிக்கையும்கூட. காங்கிரசுக்கு வந்த பிறகு 2011இல் அறந்தாங்கியிலேயே அ.தி.மு.க.விடம் தோற்றார். அந்த ஆண்டு காங்கிரஸ் 63 இடங்களில் நின்று 5 இடங்களில்தான் வென்றது. இருபது ஆண்டுகளுக்கு முன் அலையைத் தாண்டியவரால் இம்முறை தாண்ட முடியவில்லை. 2014இல் ராமநாதபுரத்தில் காங்கிரஸ் தனித்து நின்றபோதும் தோல்வி.

ஆக, மக்கள் தண்டிக்கவில்லை என்ற உங்கள் எண்ணத்தை நான் முழுதாக ஏற்கவில்லை. 1999க்குப் பிறகு இருபது ஆண்டுகள் அவர் எந்த நேரடித் தேர்தலிலும் வெல்லவில்லை. அது கட்சி மாறியதற்கான தண்டனையா, மறுவரையறையின் விளைவா, தவறான ஆண்டில் தவறான கூட்டணியில் இருந்ததாலா என்பதை எண்களை வைத்துப் பிரிக்க முடியாது. மூன்றுக்கும் பங்கு உண்டு என்பது என் கணிப்பு. அதிகப் பங்கு மறுவரையறைக்கு என்றும் நினைக்கிறேன். 2016 செப்டம்பரில் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர் பதவி கிடைத்தது. 2019 பிப்ரவரி வரை இருந்தார். கழகத்திலிருந்து வந்து, இடையில் பா.ஜ.க.விலும் அமைச்சராக இருந்த ஒருவரைக் காங்கிரஸ் மாநிலத் தலைவராக்கியது அன்றைக்குக் கட்சிக்குள்ளேயே முணுமுணுப்பைக் கிளப்பியது. 2019 மே மாதம் திருச்சியில் 4,59,286 வாக்குகள் வித்தியாசத்தில் வெற்றி. பிரமிப்பான எண்தான். ஆனால் தி.மு.க. கூட்டணி அந்த ஆண்டு மாநிலத்தில் ஒரே ஒரு மக்களவைத் தொகுதியை மட்டுமே இழந்தது என்பதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். 2024இல் கூட்டணிப் பங்கீட்டில் திருச்சி ம.தி.மு.க.வுக்குப் போய், துரை வைகோ அங்கே நின்று வென்றார். நான்கரை லட்சம் வித்தியாசத்தில் வென்றவருக்கு மறுபடி வாய்ப்பு இல்லை. கட்சி கொடுக்கும் இடத்தைக் கட்சியே எடுத்துக்கொள்ள முடியும். 1991இன் அறந்தாங்கியை யாரும் அப்படி எடுத்துவிட முடியவில்லை. அறந்தாங்கி சட்டமன்றத் தொகுதி 2021இல் அவருடைய மகன் ராமச்சந்திரன் வழியாகக் காங்கிரசுக்குக் கிடைத்தது.

வேறு எந்த அரசியல்வாதியைப் பற்றியும் இதே கேள்வி எழுந்தால் நீங்களே சரிபார்க்கலாம். ஒரு தாளில் இடப்பக்கம் அவர் வகித்த ஒவ்வொரு அவை உறுப்பினர் பதவிக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் எழுதுங்கள். வலப்பக்கம் கட்சி மாறிய நாட்களை எழுதுங்கள். தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கைகளில் ஒவ்வொரு வெற்றியும் எந்தக் கட்சியின் பெயரில் வந்தது என்று இருக்கும். செய்தித்தாள் நினைவை நம்ப வேண்டாம், அணிகளின் பெயர்கள் அதில் அடிக்கடி குழம்பும். மாநிலங்களவைக்கு அதன் உறுப்பினர் பட்டியலில் ராஜினாமா நாள் இருக்கும். மாறிய நாள் பதவிக் காலத்துக்கு வெளியே விழுந்தால் சட்டத்துக்கு அங்கே வேலை இல்லை. உள்ளே விழுந்தால் ஐந்து கேள்விகள் கேளுங்கள்: முன்கூட்டியே ராஜினாமா செய்தாரா, 2003க்கு முந்தைய பிளவா, மூன்றில் இரண்டு பங்கோடு இணைப்பா, இவை எதுவும் இல்லையென்றால் யாராவது மனு கொடுத்தார்களா, சபாநாயகர் எப்போது முடிவெடுத்தார். ஆள் எந்தக் கட்சியாக இருந்தாலும் பெரும்பாலான வழக்குகளில் விடை அந்தக் கடைசிக் கேள்வியில்தான் கிடைக்கும்.